ஓலைக் கிளியும் பனங்கொட்டைக் கரடியும்



வன்னியிலே பிறந்து வளர்ந்த முதியவர்களிடம், சிறுவயதில் முதன்முதல் கைக்குக் கிடைத்த விளையாட்டுப் பொருள் எது என்று கேட்டுப் பாருங்கள். கடையிலே வாங்கிய பொருளைச் சொல்பவர்கள் அரியர். அம்மம்மா பெட்டி இழைத்துக்கொண்டிருக்கையில், மிஞ்சிய ஓலை நறுக்கு ஒன்றை எடுத்து, நான்கு மடிப்பு மடித்து, வாலை இழுத்துவிட்டுக் கையிலே கொடுத்த கிளியையே பலரும் சொல்வர். பூநகரியிலும் முல்லைத்தீவுக் கரையோரத்திலும், பனை நின்ற இடமெல்லாம் இவ்வழக்கமும் இருந்தது. அதனை ஒரு கலை என்று எவரும் எண்ணியதில்லை. அழுகின்ற பிள்ளையை அமர்த்த ஓர் உபாயம், அவ்வளவுதான்.

குளிர்நாடுகளிலே இதற்கு ஒப்பான ஒரு பொழுதுபோக்கு இந்நாளில் பரவியிருக்கிறது. ஆட்டுக் கம்பளியைப் பந்தாகச் சுருட்டி, ஊசியால் மீண்டும் மீண்டும் குத்தி, முயல், நரி, ஆந்தை முதலான உருவங்களை வீட்டில் இருந்தபடியே ஆக்குகிறார்கள். நூலும் இல்லை, பசையும் இல்லை. பின் எப்படி உருவம் நிற்கிறது? கம்பளி இழையின் மேலே மீன் செதில் போன்ற நுண்ணிய செதில்கள் உண்டு. ஊசியின் விளிம்பிலோ சிறுசிறு வெட்டுகள் உண்டு. ஊசி இறங்கும்போது மேலிழைகளை உள்ளே இழுத்துச் செல்கிறது. வெளிவரும்போது அவற்றை அங்கேயே விட்டுவருகிறது. இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகுகின்றன. இவ்வூசி முதலிலே ஆலை இயந்திரங்களுக்கென்று ஆக்கப்பட்டது. 1980களில் அமெரிக்காவிலே சிலர் அதனைத் தனியே எடுத்துக் கையிற் பிடித்தார்கள். அதன் பின்னரே இது வீட்டு வேலையாயிற்று.

ஆயினும், கம்பளியை இறுக்கி உருவம் செய்யும் வித்தை மிகப் பழையது. சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில், பாசிரிக் என்னுமிடத்துப் புதைகுழி ஒன்றிலே கம்பளியால் ஆகிய அன்னப் பறவைகள் கிடைத்தன. அவை 2,200 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. பனிக்கட்டியில் உறைந்து கிடந்தமையாற் கெடாது தப்பி, இன்று சென் பீட்டர்ஸ்பர்க் நகரத்து எர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

வன்னியிலே கம்பளிக்கு வழியில்லை. நமது வடபகுதிச் செம்மறி ஆட்டுக்கு வெயிலுக்கேற்ற குறுமயிரே உண்டு. கத்தரித்துச் சுருட்டத்தக்க கம்பளி அதனிடம் இல்லை. இங்கே கைக்கெட்டிய நாரும் ஓலையும் பனை தந்தவையே.

இனி வேலையைப் பார்ப்போம். முற்றிய ஓலை இதற்கு உதவாது, மடித்தால் ஒடிந்துவிடும். வடலியின் நடுவிலே இன்னும் விரியாமல் மடிந்து நிற்கும் குருத்தோலையே வேண்டும். அதனை வெட்டி விரித்து வெயிலில் உலர்த்தினால் வெளிறித் தந்த நிறம் கொள்ளும். பிறகு ஈர்க்கை நீக்கி, வேண்டிய அகலத்துக்கு வார்ந்துகொள்ளவேண்டும். அகலம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். புதிதாகப் பழகுவோர் பிழைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். மடிப்பிலே பிழை என்று எண்ணித் திரும்பத் திரும்ப அவிழ்ப்பார்கள், பிழையோ வார்தலிலே இருக்கும். நிறம் விரும்பினால் சாயம் கலந்து கொதிக்கும் நீரில் ஓலையை இட்டு எடுக்கலாம். இழைப்பதற்கு முன் சிறிது நேரம் ஈரத்துணியிற் சுற்றி வைத்தால் ஓலை பதம் பெறும். ஒன்று மட்டும் மறக்கலாகாது. பனைக்கு வளரும் நுனி ஒன்றே. ஒரே வடலியில் அடுத்தடுத்துக் குருத்து வெட்டினால் மரம் மெலிந்துபோகும்.

பிள்ளைக்கு முதலிற் பழக்கவேண்டியது பாம்பு. ஒரே அகலமுள்ள இரண்டு நறுக்குகளின் முனைகளைக் குறுக்காக வைத்து, ஒன்றின்மேல் மற்றொன்றை மாறிமாறி மடித்துக்கொண்டே போனால் போதும். இழுத்தால் நீண்டு விட்டாற் சுருங்கும் பாம்பு வந்துவிடும். ஆறு வயதுப் பிள்ளையும் இதனைச் செய்துவிடும். இதற்கு அடுத்த படி, விரலைப் பிடிக்கும் பாம்பு. நறுக்குகளைச் சாய்வாகப் பின்னிக் குழாய் போல ஆக்கி, அதன் வாயிலே விரலை நுழைத்து வாலைப் பிடித்து இழுத்தால், குழாய் நீண்டு ஒடுங்கி விரலை இறுக்கும். இழுப்பை விட்டு உள்ளே தள்ளினாற் பிடி தளரும். பின்னல் சாய்வாக இருப்பதே இதன் இரகசியம். விஞ்ஞான பாடத்தில் விசைகளைப் படிக்கும் மாணவனுக்கு இதனைக் காட்டிலும் மலிவான உபகரணம் கிடைப்பது அரிது.

கிளிக்குத் தலைதான் கடினம். நறுக்கின் முனையிலே தளர்ந்த முடிச்சு ஒன்று இட்டு, அது கசங்காத வண்ணம் மெல்ல அமர்த்தவேண்டும். ஐந்து பக்கம் கொண்ட தட்டையான தலை அமையும். வெளியே நீளும் நுனியைச் சரிவாக நறுக்கினால் அலகு. எதிர் முனையை நகத்தாற் கிழித்துவிட்டால் வால். நாற்புறமும் அடைபட்ட சிறு பெட்டி போல் இழைத்து உள்ளே பரல் இட்டால் கிலுகிலுப்பை. பரலாகவும் கண்ணாகவும் குன்றிமணியை வைப்பது பழைய வழக்கம். சிவப்பும் கறுப்புமாகப் பார்வைக்கு அழகுதான். ஆனால் குன்றிமணி கொடிய நஞ்சு. வாயில் எதையும் வைக்கும் வயதுப் பிள்ளையின் கையிலே அது இருக்கவே கூடாது. கண்ணைக் கரியாற் புள்ளியிட்டாலும் கிளி பார்க்கும்.

ஓலையோடு வேலை முடிவதில்லை. பனம்பழத்தைப் பிசைந்து களி எடுத்தபின் எஞ்சும் கொட்டையைக் கழுவி உலர்த்தினால், அதைச் சுற்றிலும் தும்பு மயிர்போல் நிற்கும். அதனைச் சீப்பால் வாரிவிட்டால் தாடிக் கிழவன் ஒருவன் தோன்றுவான். கத்தரித்து ஒழுங்கு செய்தாற் சிங்கத்தின் பிடரி. கறுப்புச் சாயம் ஊட்டினாலோ வன்னிக் காட்டுக் கரடிதான்! அதன் நெஞ்சிலே உள்ள வெண்ணிறப் பட்டையைக் காட்டுவதற்கு அந்த இடத்துத் தும்பை மட்டும் சாயம் படாமற் கட்டிவைக்க வேண்டும். காடு அருகில் உள்ள ஊர்ப் பிள்ளைகள் இந்தப் பட்டையை மறப்பதில்லை. கம்பளி வேலைக்காரர் ஆயிரம் குத்துக் குத்தி அடையும் உருவத்தை, இங்கே மரமே பாதி செய்து தந்துவிடுகிறது.

இவ்வளவும் சொன்னபின் ஒரு குறையையும் சொல்லவேண்டும். பாசிரிக் அன்னங்களைப் பனிக்கட்டி காத்தது. வன்னியின் ஓலைக் கிளியைக் காக்க எதுவும் இல்லை. வெயில் அதனை முறிக்கும். மாரி பூஞ்சணம் பிடிக்கவைக்கும். மிஞ்சியதைக் கறையான் தின்னும். ஆகவே நூறாண்டுக்கு முந்திய ஓலைக் கிளியை எடுத்துப் பார்த்து அதுபோல் ஒன்று செய்துகொள்ளலாம் என்பது நடவாத காரியம். கிளி எப்பொழுதும் ஒரு கையிலிருந்து மறு கைக்குத்தான் போயிற்று.

அந்தக் கைமாற்றம் வன்னியிலே ஓரிடத்தில் அறுந்துபோயிற்று. போர்க்காலத்திலே பதுங்கு குழிகளுக்கும் காவலரண்களுக்குமாகப் பனைகள் தறிக்கப்பட்டன. எறிகணைகளால் தலையிழந்து நின்றவையும் பல. 2009ஆம் ஆண்டிலே ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் இடம்பெயர்ந்து, பெரும்பாலும் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் பகுதி முகாம்களில் தங்கினார்கள். அங்கிருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. கூடாரங்களின் நடுவே குருத்து வெட்ட வடலி ஏது? அதற்கு மனந்தான் ஏது? அக்காலத்தில் ஐந்தாறு வயதாயிருந்த பிள்ளைகள் இன்று இளந்தாய்மாராகவும் தந்தைமாராகவும் இருக்கிறார்கள். அம்மம்மாவின் கைக்குத் தெரிந்தது அவர்களிற் பலருடைய கைக்குத் தெரியாது. அவர்களுடைய பிள்ளைகளின் கையிலே இருப்பது பெரும்பாலும் பிளாஸ்திக்.

பனை அபிவிருத்திச் சபை 1978இல் நிறுவப்பட்டது. பெட்டி, தொப்பி, கைப்பை முதலிய ஓலைப் பொருள்கள் பலருக்கு வருமானமும் தருகின்றன. அது வேண்டியதே. ஆனால் சந்தைக்குப் போகும் பொருள் ஒன்றுபோல் ஒன்று இருக்கவேண்டும்; பேரப்பிள்ளைக்குச் செய்யும் கிளிக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. பாடசாலைக் கைப்பணியிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். அழகுக்குப் புள்ளி என்றவுடன், வீட்டிலே தாயார் செய்த பொருளைப் பிள்ளை கொண்டுவந்து வைக்கிறது! கோணலான பாம்புக்குப் புள்ளி கொடுக்கும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும்.

நடப்பட்ட பனங்கொட்டை மரமாகிக் காய்ப்பதற்கு 12 முதல் 20 ஆண்டுகள் செல்லும். ஆனால் சில ஆண்டுகளிலேயே அது விசிறி ஓலை விரிக்கும் வடலியாகிவிடும். மீள்குடியேற்றத்தின் பின் நடப்பட்ட விதைகள் பல இன்று வடலிகளாக நிற்கின்றன. நுங்குக்கும் மரத்துக்கும் காத்திருக்கும் காலத்தில், அவை குருத்துத் தருகின்றன.

மாலை வேளையில் ஒரு வீட்டுத் திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். பேரன் தானே செய்த பறவையைத் தூக்கிக் காட்டுகிறான்.

"அம்மம்மா, இது கிளியோ கோழியோ?"

"தலை கிளிதான் மோனை. வாலைத்தான் கோழியிட்டக் கடன் வாங்கிப்போட்டாய். இஞ்ச கொண்டா."

கிழவி முடிச்சை அவிழ்க்கிறாள். அவனுடைய விரல்களைப் பிடித்து மறுபடியும் மடிக்க வைக்கிறாள். வாசற்படியிலே நின்று பார்த்துக்கொண்டிருந்த அவனுடைய தாய், கைவேலையை ஒதுக்கிவிட்டு அருகே வந்து அமர்ந்து, தரையிற் கிடந்த நறுக்கு ஒன்றைத் தானும் எடுத்துக்கொள்கிறாள்.