இரண்டரை ஆண்டும் எண்பது நொடியும்

சனி பகவான் ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு தங்குவார் என்பார்கள். என் தொலைநோக்கிக்குள் அவர் ஒன்றரை நிமிடம்கூடத் தங்குவதில்லை. பூமி சுழல்வதால் வானம் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. 150 மடங்கு பெரிதாக்கினால் கண்ணில் படும் வட்டம் ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். கணக்குப் போட்டால் எண்பது நொடி. புளோக்கில் உள்ள பிள்ளைகள் வரிசையில் நின்றால், இரண்டாவது பிள்ளை கண் வைப்பதற்குள் சனி ஓடிவிடும்.

அதற்காகத்தான் மோட்டார் வைத்த தாங்கி. அது வானத்தின் வேகத்திலேயே தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டே இருக்கும். இதற்கு வேண்டிய மின்சாரத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

வேறு ஊர்களில் வானம் பார்ப்பவர்கள் இருட்டைத் தேடிக் காட்டுக்குப் போவார்கள். பேட்டரியையும் சுமந்துகொண்டு போவார்கள். நமக்கு அந்த வேலை இல்லை. 2016-இல் வெளியான உலக ஒளி மாசு வரைபடத்தில், மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட நாடு சிங்கப்பூர்தான். எங்கே போனாலும் வெளிச்சம் என்றால், வீவக வீட்டு வாசலிலேயே நின்று பார்த்துவிடலாமே! நிலாவுக்கும் கோள்களுக்கும் நகர வெளிச்சம் ஒரு பொருட்டில்லை. சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டும் நாலு எட்டில்.

அந்த நாலு எட்டில்தான் நான் சறுக்கினேன். வீட்டில் சும்மா கிடந்த பழைய ரூட்டரின் அடாப்டரை எடுத்து மாட்டினேன். 12 வோல்ட், 1 ஆம்ப். மெல்லச் சுற்றும்போது ஒன்றும் தெரியவில்லை. ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகச் சொன்னதும் இரண்டு மோட்டாரும் முழு வேகம் எடுத்தன. வோல்ட் சரிந்தது. கையில் இருந்த ரிமோட்டின் திரை அணைந்து மறுபடி எரிந்தது. எரிந்தபோது எல்லாவற்றையும் மறந்திருந்தது.

இந்த மறதி நம் ஊரில் ரொம்பவே படுத்தும். வடக்கே இருப்பவர்கள் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத் திசையைச் சரிசெய்துகொள்வார்கள். சிங்கப்பூரில் அது அடிவானத்துக்கு மேலே ஒரு பாகை உயரத்தில் கிடக்கிறது. எதிர் புளோக் மறைத்துவிடும். நாம் வேறு இரண்டு நட்சத்திரங்களைக் காட்டித் தாங்கிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து தெரிவதோ வானத்தில் ஒரு துண்டு. மின்சாரம் ஒரு நொடி தடுமாறினாலும் பாடம் முதலிலிருந்து.

மறுநாள் தேக்காவிலிருந்து நடந்தே ஜாலான் புசார் சிம் லிம் டவருக்குப் போனேன். 12 வோல்ட், 5 ஆம்ப் அடாப்டர் வேண்டும் என்றதும், கூட வந்த நண்பர் என் கையைப் பிடித்தார். "ஐந்து ஆம்ப் போட்டா எரிஞ்சிடும்ண்ணே!" பலருக்கும் இந்தப் பயம் உண்டு. எரியாது. ஆம்ப் என்பது பானையில் உள்ள சோறு. தாங்கி தனக்கு வேண்டியதைத்தான் போட்டுக்கொள்ளும். ஈக்யூ6-ஆர் போன்ற பெரிய தாங்கிக்கு 11 முதல் 16 வோல்ட் வரை, 4 ஆம்ப் என்று போட்டிருப்பார்கள். அதற்கு 5 ஆம்ப் வாங்குவது கொஞ்சம் தாராளம், அவ்வளவே. பயப்பட வேண்டியது வோல்ட்டுக்கு. மடிக்கணினி சார்ஜர் பார்க்க அதேபோல இருக்கும். அதில் வருவது பெரும்பாலும் 19 வோல்ட். அதை மாட்டிவிட்டு அழுதவர்கள் உண்டு.

அடுத்து, நுனியைப் பாருங்கள். அடாப்டரின் மேலே ஒரு சின்ன வட்டம் வரைந்து, நடுப்புள்ளி பிளஸ்ஸா மைனஸா என்று காட்டியிருக்கும். தாங்கியின் கையேட்டில் உள்ள படமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். நுனியின் துளையிலும் இரண்டு அளவு உண்டு: 2.1 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர். பெரியது சின்ன ஊசியில் நுழைந்துவிடும், ஆனால் தொளதொளவென்று ஆடும். தாங்கி திரும்பித் திரும்பி வயரை இழுக்கும்போது விட்டு விட்டுத் தொடும். மறுபடி மறதிதான்! இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

230 வோல்ட் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். 12 வோல்ட் வயர் மட்டும் வாசலைத் தாண்டட்டும். நம் ஊர் மழை சொல்லிவிட்டா வருகிறது? வயரை நீட்டும்போது தடிமனானதாக வாங்குங்கள். ஐந்து மீட்டர் மெல்லிய வயரில் 3 ஆம்ப் ஓடினால் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 1985-க்கு முன் கட்டிய வீடாக இருந்தால், மின் பெட்டியில் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்சாரம் கசிந்தால் உடனே டிரிப் ஆகும் சாதனம் அது. இப்போது எல்லா வீடுகளிலும் இருந்தே ஆக வேண்டும்.

போன வாரம் பக்கத்து வீட்டு அம்மா வந்தார். சனிக்கிழமை தவறாமல் எள் விளக்கு ஏற்றுபவர். கன்னத்தில் போட்டுக்கொண்டு குனிந்தார். மோட்டார் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று, அவர் நிமிரவில்லை. பின்னால் நின்ற பிள்ளைகள் முணுமுணுத்தார்கள்.

"இவர் எப்ப தம்பி நகருவார்?" என்று கேட்டார்.

"பிளக்கைப் பிடுங்கினால் நகர்ந்துவிடுவார் அம்மா" என்றேன்.