கிருஷ்ணகிரிக் கோட்டை கைமாறிய விதம்



போர் வரலாறு என்றால் பானிபட்டைப் பேசுகிறோம். கிருஷ்ணகிரிக்குச் செல்லும்போதெல்லாம் காணும் மலைக்கோட்டையை மறந்துவிடுகிறோம். 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் ஆங்கிலப்படை அதனை இரவில் தாக்கியது. கீழ்க்கோட்டை வீழ்ந்தது, மேல்கோட்டைக்கு ஏற முயன்றவர்களைத் திப்பு சுல்தானின் வீரர்கள் விரட்டியடித்தனர்.

போரில் வீழாத அம்மலைக்கோட்டை, 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கைமாறியது. நம் பகுதி அடங்கிய பாரமகால் கம்பெனிக்குச் சென்றது. அப்போரில் மராட்டியரோடு ஹைதராபாத் நிஜாமும் கம்பெனியின் பக்கமே நின்றார். இதை நாம் மறைப்பதற்கில்லை.

பாதி ராஜ்ஜியமும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் கேட்கப்பட்டன. சுல்தானின் இரு இளம் புதல்வர்கள் பிணையாக அனுப்பப்பட்டனர். 1794இல் அவர்கள் தந்தையிடம் திரும்பினர், பாரமகால் திரும்பவில்லை.