இருங்காட்டுக்கோட்டையில் கொரியம் கற்போர்



இராமானுசர் பிறந்த திருப்பெரும்புதூர்ப் பகுதியில் இன்று கொரிய எழுத்துப் பலகை தாங்கிய உணவகங்கள் உள்ளன. அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் சான்ட்ரோ மகிழுந்து வெளிவந்தது. கொரியருடன் அன்றாடம் பழகும் இளைஞர் அவர்தம் மொழியைக் கற்க முனைவது இயல்பே. சென்னையில் 2006இல் தோன்றிய இன்கோ மையமும் அதனைக் கற்பித்து வருகிறது.

முதற்பாடத்திலேயே கற்பவர்க்கு வியப்பு காத்திருக்கிறது. 'நானுன் முருல் மாஷ்யோயோ' என்றால் 'நான் தண்ணீரைக் குடிக்கிறேன்'. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் நம் வரிசையே அது. 'முல்' என்பது நீர். அதனை ஒட்டிய 'உல்' நம் ஐயுருபின் வேலையைச் செய்கிறது. அந்த உகரமோ 'பாட்டு' என்பதன் ஈற்றில் இதழ் குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரத்தை ஒத்தது. ஆங்கிலேயர் இடர்ப்படும் இடத்தைத் தமிழர் எளிதாகக் கடப்பர். தந்தையை அங்கும் அப்பா என்றே அழைக்கின்றனர்.

இத்தகைய ஒற்றுமைகளைக் கண்ட ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர், 1905இல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூலொன்று வெளியிட்டார். மொழியியலார் அவ்வுறவை ஏற்கவில்லை. சொல்வரிசை ஒத்திருத்தல் சப்பானியத்திற்கும் துருக்கியத்திற்கும் உரியதன்றோ! கொரியம் தமிழின் மகளென மேடையில் முழங்குவோர் ஒரு திங்கள் வகுப்பில் அமர்ந்தால் நன்று. நிலவு, முகமூடி, மகள் மூன்றையும் தமிழில் எழுதினால் 'தால்' என்றே எழுதவேண்டும். கொரியரோ தகரத்தை இயல்பாகவும், மூச்செறிந்தும், தொண்டையை இறுக்கியும் மூன்றாகப் பிரித்துச் சொல்வர். தமிழ்ச் செவிக்கு அவ்வேறுபாடு எளிதில் பிடிபடாது.

அதனினும் கடினம் மரியாதை. நம்மைப் போலவே அவர்களும் 'சாப்பிட்டாயிற்றா' என்றே நலம் விசாரிப்பர். ஆயின் தோழனிடம் சொல்லும் 'பாப் மொகொஸ்ஸொ' மேலாளரிடம் சொல்லத்தக்கதன்று. அவரிடம் 'ஷிக்சா ஹாஷ்யோஸ்ஸோயோ' என வேறு சொல்லும் வேறு ஈறும் வேண்டும். 'நீங்கள்' என்று சுட்டுவதைக்கூடத் தவிர்த்துப் பதவிப்பெயருடன் 'நிம்' சேர்த்தே அழைப்பர். நண்பனிடம் கேட்டறிந்த வடிவை மேலாளரிடம் சொல்லும் இளைஞன் அன்பாகக் கேட்டதாகவே எண்ணுவான். கேட்டவர் செவியில் அது துடுக்காக விழும்.

இதன் மறுபக்கமும் உண்டு. தெருவில் கேட்டுத் தமிழ் கற்ற கொரியர், தந்தை வயதுடைய தொழிலாளியை 'வா' என்று புன்னகையோடு அழைத்துவிடலாம். 'வாங்க' என்பதன் ஈற்றில் எவ்வளவு அடங்கியுள்ளது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஏற்றவன், 'ஷிக்சா' என்னும் சொல்லைத் தவறிக் கற்றுக்கொண்ட அந்த இளைஞனே.