சீனிக் குளிகையும் கிராமத்தார் நம்பிக்கையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியத்தைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று பெரியவர்கள் எண்ணக்கூடும். நான் வைத்தியனல்லன், பல்கலைக்கழகத்திற் படிக்கும் மாணவன். ஆனால் நான் பேச வந்தது மருந்தைப் பற்றியன்று. மருந்தை ஜனங்கள் எவ்வாறு நம்புகிறார்கள் என்பதைப் பற்றியே. அதை யாரும் பேசலாமன்றோ?

ஓமியோபதி யேர்மனியிற் பிறந்தது. சாமுவேல் ஹானிமன் என்னும் வைத்தியர் 1796ஆம் ஆண்டில் அதன் கொள்கையை வெளியிட்டார். சுகதேகியிடம் எப்பொருள் ஒரு நோயின் குறிகளை உண்டாக்குமோ, அப்பொருளையே மிக நுண்ணிய அளவிற் கொடுத்தால் அந்நோய் தீரும் என்பது அவர் கருத்து. நம் நாட்டிலும் 1970ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் நம் ஊர்களிற் பரியாரியாரை அறிந்த அளவுக்கு இவ்வைத்தியத்தை அறிந்தவர் சிலரே. கிராமத்து மக்கள் இதனை எப்படித் தமதாக்கிக்கொண்டார்கள் என்று பார்க்க வேண்டுமானால் வங்காளத்துக்குத்தான் போகவேண்டும்.

விதவா விவாகத்துக்காகப் போராடிய ஈசுவரசந்திர வித்தியாசாகரர் (1820–1891) தமது பிற்காலத்திற் கர்மாட்டார் என்ற சிற்றூரிற் போய்த் தங்கினார். அன்று வங்காள மாகாணத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று ஜார்க்கண்டில் இருக்கிறது. சந்தால் என்னும் பழங்குடியினர் வாழும் இடம். காலையில் அவர்கள் கொண்டுவரும் சோளத்தைக் கேட்ட விலைக்கு வாங்கி, மாலையிற் பசியோடு வருவோருக்கு அதனையே எடுத்துக் கொடுப்பாராம். ஓமியோபதி மருந்தும் இலவசமாகவே வழங்கினார்.

அங்கே அவரோடு தங்கிய அரப்பிரசாத சாஸ்திரி ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். சந்தால் சிறுவன் ஒருவனுக்கு மூக்கிலிருந்து இரத்தம் ஓடுகிறதென்று வந்து அழைத்தார்கள். வித்தியாசாகரர் கிண்ணமொன்றில் மருந்தை எடுத்துக்கொண்டு வயல்வழியே நடந்து போய்க் கொடுத்துவிட்டு, வியர்க்க வியர்க்கத் திரும்பினார். ஒரே வேளை மருந்தில் இரத்தம் நின்றதாம். இவர்கள் அதிகம் மருந்து சாப்பிடாதவர்கள், ஆகையாற் சிறிதளவே போதும். கல்கத்தாக்காரரின் வயிறுதான் மருந்து தின்று தின்று மரத்துப்போயிற்று என்பது அவர் கண்ட முடிவு.

மூக்கிலிருந்து வடியும் இரத்தம் பெரும்பாலும் சற்று நேரத்தில் நின்றுவிடுவது. மூக்கின் மென்பாகத்தை அழுத்திப் பிடித்தாலே போதும். ஆனால் அந்தக் குடிசையிலிருந்தோர் கண்டது என்ன? பெரிய மனிதர் ஒருவர் வெயிலில் நடந்து வந்தார், தம் பேச்சைக் கேட்டார், மருந்து கொடுத்தார், இரத்தம் நின்றது. இவற்றுள் எது எதனைச் செய்தது என்று அவர்கள் ஏன் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்? வித்தியாசாகரரே பிரித்துப் பார்க்கவில்லையே!

படித்தவர்களும் இவ்வாறே நம்பினார்கள். ஆங்கில வைத்தியத்தில் எம்.டி. பட்டம் பெற்ற மகேந்திரலால் சர்க்கார் முதலில் ஓமியோபதியை எதிர்த்து, 1867இல் அதன் பக்கம் சேர்ந்தார். பரமஹம்சர் தொண்டைப் புற்றுநோயால் வருந்தியபோது சிகிச்சை செய்தவர் இவரே. விஞ்ஞான ஆராய்ச்சிக்காக 1876இல் ஒரு சபையை நிறுவியவரும் இவரே. இவரைப் பாமரர் என்று யார் சொல்லுவார்? அக்காலத்து ஆங்கில வைத்தியர் கொலராவுக்கு இரத்தத்தை வடித்தார்கள். பாதரச மருந்தைக் கொடுத்தார்கள். அத்தகைய சிகிச்சையிலும் ஒன்றுஞ் செய்யாத மருந்தே மேலானது. ஓமியோபதியின் நற்பெயர் பெரும்பாலும் அப்படி வந்ததென்றே நான் கருதுகிறேன்.

இன்று நிலைமை வேறு. முப்பதாம் வீரியம் என்று விற்கும் மருந்து, ஒன்றுக்கு நூறாக முப்பது தடவை கரைக்கப்பட்டது. பன்னிரண்டாந் தடவையிலேயே மூலப்பொருளின் ஓர் அணுத்திரள்கூட எஞ்சுவது அரிது. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிச் சபை கிடைத்த ஆய்வுகளையெல்லாம் பரிசீலித்து, எந்த நோய்க்கும் இது பயன் தருமென்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லையென்று 2015இல் அறிவித்தது.

கிராமத்தார் இதனை விரும்புவதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. குளிகை இனிப்பானது, குழந்தை அழாமற் சாப்பிடும். விலை குறைவு. வைத்தியர் தூக்கம், பசி, கனவுவரை பொறுமையாக விசாரிப்பார். ஆஸ்பத்திரியில் நாலு மணிநேரம் வரிசையில் நின்று அரை நிமிஷம் டாக்டர் முகம் பார்த்து வருபவனுக்கு அந்த விசாரணையே பாதி மருந்து. இதனை நகைப்பவர் முதலில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று பார்க்கட்டும்.

நான் அஞ்சுவது வேறோர் எண்ணத்துக்கு. “மெதுவாகத்தான் கேட்கும், ஆனால் வேரோடு தீர்க்கும்” என்கிறார்களே, அதற்கு. தடிமனுக்கும் தோற்சொறிக்கும் காத்திருக்கலாம். வயிற்றோட்டத்தில் வாடும் பச்சைக் குழந்தை காத்திருக்குமா? காசநோய், மலேரியா, குழந்தைகளின் வயிற்றோட்டம் முதலியவற்றுக்கு ஓமியோபதியை நாடவேண்டாமென்று உலக சுகாதார தாபனம் 2009இல் எச்சரித்ததும் இதனாலேதான்.

அதே வங்காளத்தில் 1971ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். போருக்குத் தப்பி வந்த அகதிகள் பொங்காவ் என்ற எல்லையூரிற் கொலராவால் மடிந்தார்கள். நாளத்தில் ஏற்றும் சேலைன் போதவில்லை. திலீப் மகலானபிஸ் என்னும் டாக்டர் குளுக்கோசு, உப்பு, அப்பச்சோடா மூன்றையும் அளவாகத் தண்ணீரிற் கரைத்து, நோயாளரின் உறவினர் கையாலேயே பருகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதாயிருந்த சாவு நாலுக்குங் கீழே இறங்கியது. இதுவும் இனிப்பான மருந்து, மலிவானது, தாய்மார் கையாலே கொடுக்கத்தக்கது. கிராமத்தார் ஓமியோபதியில் விரும்பும் குணங்களெல்லாம் இதிலும் உண்டு.

நம் கடைகளில் ஜீவனி என்று பைக்கற்றில் விற்பது அந்த வகைதான். இவ்வாண்டு நம் அங்கத்தவர்கள் சங்கப் பணிக்காக வீடுவீடாகச் செல்லும்போது, படியிற் சற்று அமர்ந்து, குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தால் முதலில் என்ன கொடுப்பீர்கள் என்று தாய்மாரைக் கேட்டு, சொல்லும் விடைகளைக் குறித்துக்கொண்டு வரலாம். அடுத்த கூட்டத்தில் அவற்றை வாசிக்க நான் ஆயத்தம்.