கரிய பியரும் கித்துள் கள்ளும்

அவிசாவளையிலிருந்து மலைநாட்டுக்கு ஏறும் நெடுஞ்சாலையும், கேகாலையிலிருந்து புளத்கொகுப்பிட்டிய வழியாக வரும் சாலையும் கரவனெல்லயில் வந்து கூடுகின்றன. சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள்; அருகே களனி கங்கை. நெடுஞ்சாலை அங்கிருந்து யட்டியாந்தோட்டை, கித்துல்கல, ஹட்டன் என்று ஏறி நுவரெலியாவை அடைகிறது. சாலையின் உச்சியில் வாற்கோதுமைப் பியர் பிறந்தது. தாழ்வாரத்தில் கித்துள் கள் நெடுங்காலமாக இறக்கப்பட்டு வந்தது. இவ்விரண்டில் ஒன்று உயர்ந்த சுவையென்றும் மற்றது தாழ்ந்ததென்றும் எவ்வாறு ஆயிற்று? குடியின் சுவையை ஆராய்வது குடிக்கத் தூண்டுவதாகாது என்பதை நேயர்கள் அறிவார்கள்.

பின்னாளில் நைல் நதியின் மூலந்தேடிப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1849 ஆம் ஆண்டளவில் நுவரெலியாவிற் சிறிய வடிசாலையொன்றை ஏற்படுத்தினார். 1881 இல் அங்கே வணிக முறையிலான தொழில் தொடங்கியது. அந்த மலைக்குளிர் பியர் வடிப்பதற்குப் பெரிதும் உதவியது. வாற்கோதுமையை முளைக்கவைத்து, உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாப்பொருள் இனிப்பாக மாறும். அந்தச் சாற்றை ஹொப்ஸ் பூவோடு காய்ச்சி ஆற்றி, மதுவம் சேர்ப்பார்கள். ஜெர்மானிய மரபில் மதுவம் அடியில் தங்கி, ஏறத்தாழ 10 பாகைக் குளிரில் மெல்ல வேலை செய்யும், அது லாகர். ஆங்கில மரபில் அது மேலே நுரையாகத் திரண்டு, மிதமான வெப்பத்தில் விரைந்து வேலையை முடிக்கும். கருக வறுத்த தானியம் சேர்ந்த ஸ்டவுட் இந்த மரபைச் சேர்ந்தது.

பொஹீமியாவின் பில்சன் நகரில் 1842 இல் வடிக்கப்பட்ட பொன்னிற லாகர், பின்னர் உலகத்தின் நாவையே பிடித்துக்கொண்டது. முதலாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவிலேயே ஸ்டவுட்டின் வலிமை குன்றியது. ஆனால், வலிய ஸ்டவுட் இலங்கை, மேற்கிந்தியத் தீவுகள், நைஜீரியா போன்ற வெப்ப நாடுகளில் நிலைத்துவிட்டது. பிறந்த வீட்டில் நலிந்தது புகுந்த வீட்டில் செழித்தது. 8.8 சதவீத மதுசாரம் கொண்ட லயன் ஸ்டவுட்டின் கசப்பும் கோப்பி மணமும், பியர் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் மைக்கல் ஜாக்சனை (1942–2007) கவர்ந்தன. இவர் பாடகர் அல்லர்; பெயர் மட்டுமே ஒன்று. அவர் எழுத்தினால் அது பிறநாட்டுச் சுவைஞரிடையேயும் பேர்பெற்றது. வடிசாலை 1990களின் பிற்பகுதியில் மலையை விட்டிறங்கி, களனிக் கரையோரப் பகுதியான பியகமைக்குச் சென்றது.

கித்துள் கள்ளின் கதை வேறு. பாளையைச் சீவி இறக்கும் சாறு தானே இனிப்பானது. முளையும் வேண்டாம், காய்ச்சலும் வேண்டாம். உடனே காய்ச்சினால் பாணி. இறுகக் காய்ச்சினால் கருப்பட்டி. வாளா விட்டால் இயற்கையான மதுவம் சேர்ந்து சில மணி நேரத்திற் கள்ளாகும். காலையில் இனிப்பது மாலையிற் புளிக்கும்.

இந்தப் புளிப்பைத்தான் நாகரிகர் இழிந்ததென்பர். ஆனால் பெல்ஜியத்தின் புருசெல்ஸ் பகுதியில் லம்பிக் என்றொரு பியர் உண்டு. காய்ச்சிய சாற்றை அகன்ற ஆழமற்ற கலத்தில் ஊற்றி இரவுக் காற்றில் ஆறவிடுவார்கள். காற்றிலும் மரப்பீப்பாயிலும் உள்ள நுண்ணுயிர்களே அதைப் புளிக்கவைக்கும். அந்தப் புளிப்புக்குச் சுவைஞர் நல்ல விலை கொடுக்கிறார்கள். பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் முதிர்ந்த லம்பிக்கும் அன்றாடக் கள்ளும் ஒன்றல்ல என்பது மெய்யே. ஆயினும் புளிப்பு ஓரிடத்தில் கலையாகவும் ஓரிடத்தில் குறையாகவும் எண்ணப்படுவதற்கு நாக்கு மட்டும் காரணமன்று.

தானிய மது தமிழருக்குப் புதிதுமன்று. உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் கூழை அகன்ற வாயுடைய பிழாவில் ஆற்றி, முளையடை கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைக்கும் முறையைக் கூறுகிறது. முளை உண்டு, ஆற்றும் கலம் உண்டு; ஹொப்ஸ் ஒன்றுதான் இல்லை.

தோட்டப் பகுதியில் வேறுபாட்டை வகுத்தது பெரும்பாலும் இடமே. துரைமார் கிளப்பில் கண்ணாடிக் குவளை, தொழிலாளிக்குத் தவறணை. கூலி தவறணையிற் கரைந்த குடும்பங்களின் பட்டினி கற்பனையன்று. 1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தை ஒட்டி எழுந்த மதுவொழிப்பு இயக்கத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் கிளப்பின் புட்டி எவருடைய ஒழுக்கத்தையும் கெடுப்பதாகப் பேசப்பட்டது குறைவு.

1936 இல் ருவன்வெல்லத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்று, பின்னர் யட்டியாந்தோட்டையின் உறுப்பினராக இருந்தவர் கலாநிதி என். எம். பெரேரா. 1964 இல் நிதி அமைச்சராக இருந்தபோது, தென்னங்கள் இறக்குவதற்கான கட்டுப்பாட்டைத் தளர்த்த அவர் யோசனை முன்வைத்தார். பௌத்த குருமார் கடுமையாக எதிர்த்தனர், யோசனை கைவிடப்பட்டது. நுவரெலியாவில் பியர் வடிப்பது அப்போதும் தடையின்றி நடந்துகொண்டிருந்தது.