இடாப்பில் உள்ள பெயர்கள்



எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நடனம், அதற்குப் பிறகு சாப்பாடு. கொத்துரொட்டி வாசம் ஏற்கெனவே மண்டபத்துக்குள் வந்துவிட்டது. ஆகையால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

ஒக்ரோபர் 6ஆம் திகதி இலங்கையில் ஆசிரியர் தினம். அதையொட்டி, யாழ்ப்பாணத்து ஆசிரியர்களின் தியாகத்தைப் பற்றிப் பேசும்படி எங்கள் சங்கத்தின் செயற்குழு கேட்டது. கேட்டவுடன் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு கொப்பி. இடாப்பு. புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: வகுப்பில் ஒவ்வொரு நாள் காலையும் பெயர் கூப்பிட்டு, வந்தவர் யார், வராதவர் யார் என்று ஆசிரியர் குறித்து வைக்கும் நீளமான கொப்பி அது.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு. போருக்கு அஞ்சி வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. இந்த மண்டபத்தில் பாதிப் பேர் அந்தச் சனத்துக்குள் நடந்தவர்கள்தான். மழை. நாவற்குழிப் பாலத்தடியில் ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு அடியடியாக நகர்ந்தோம். அதற்குள் எங்கள் வகுப்பு ரீச்சரைக் கண்டேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கரியரில் அவருடைய வயதான தாய். ஹான்டிலில் ஒரு பக்கம் சோற்றுப் பானை, மற்றப் பக்கம் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றிய ஒரு பொட்டலம்.

ஒரு மாதத்துக்கு மேல் போயிருக்கும். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகள் படித்தார்கள். பின்னேரம் எங்களுக்கு விட்டார்கள். வகுப்பறை போதாமல் எங்களுக்கு ஒரு மாமரத்தடி கிடைத்தது. முதல் நாள் ரீச்சர் அந்தப் பொலித்தீனைப் பிரித்தார். உள்ளே எங்கள் இடாப்பு. ஓரமெல்லாம் மழை ஊறி, மை பரவியிருந்தது. நாற்பத்தொரு பெயர். வந்திருந்தது பதின்மூன்று பேர்.

ரீச்சர் நாற்பத்தொரு பெயரையும் கூப்பிட்டார். வராதவருக்குச் சிவப்பு மையால் சைபர் போடுவதுதான் முறை. அவர் சிவப்புப் பேனையை எடுக்கவேயில்லை. பதில் வராத பெயர் ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"அவன் எங்கை?"

"ரீச்சர், அவை கிளிநொச்சிக்குப் போட்டினமாம்."

"ஆர் சொன்னது?"

"அவன்ரை மாமா. கொடிகாமச் சந்தையிலை கண்டனான்."

பெயருக்கு நேரே பென்சிலால் சின்னதாக 'கிளிநொச்சி' என்று எழுதினார். இன்னொன்றுக்கு 'மட்டுவில்'. இன்னொன்றுக்கு 'கொழும்பு'. ஒரு பெயருக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டார். பிறகு அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அடுத்த நாளும் கூப்பிட்டார். ஏப்ரலில் ஊர் திரும்பும்வரை ஒவ்வொரு நாளும் அந்தப் பெயரைக் கூப்பிட்டார்.

பின்னொரு நாள் ரீச்சருடைய தாய் என் அம்மாவிடம் சலித்துக்கொண்டதைக் கேட்டேன்: "காணி உறுதியை அலுமாரிக்குள்ளை விட்டிட்டு, உந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், பிள்ளை."

யாழ்ப்பாணத்தில் காணி உறுதிப் பத்திரம் என்றால் என்னவென்று இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சபையோரே, எங்கள் ஊரில் ஆசிரியருக்கு எத்தனை பெயர்! சட்டம்பியார், வாத்தியார், மாஸ்டர், சேர், ரீச்சர். ஒவ்வொரு பெயரும் ஒரு காலம்.

சட்டம்பியார் காலத்தில் நிற்கிறார் ஆறுமுக நாவலர். வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தில் சம்பளத்தோடு இருந்த வேலையை விட்டுவிட்டு, 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். படிப்பிக்க ஏற்ற புத்தகம் இல்லை. தானே பாலபாடம் எழுதினார். எழுதியதை அச்சடிக்க அச்சுக்கூடம் வைத்தார். கல்யாணம் செய்யவில்லை. இன்று நாங்கள் வாசிக்கும் தமிழ் உரைநடையில் நிறுத்தக் குறிகள் ஒழுங்காக நிற்பதற்கு அவரும் ஒரு காரணம். வகுப்பில் பிள்ளை எங்கே மூச்சு விட வேண்டும் என்று யோசிக்கிற ஆசிரியருக்குத்தான் அது தோன்றும்.

அவருக்கு முன்பே, 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரி தொடங்கிவிட்டார்கள். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. மிஷனும் சைவமும் போட்டி போட்டன. அந்தப் போட்டியில் லாபம் அடைந்தது பிள்ளைகள்தான். தெல்லிப்பழையில் பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் தொடங்கிய பள்ளிக்கூடம் மகாஜனாக் கல்லூரியாக வளர்ந்தது. 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், ஊரார் வாயில் 'இந்து போர்ட்', கிராமம் கிராமமாகப் பள்ளிக்கூடம் கட்டியது.

நவாலி ஊர்ச் சோமசுந்தரப் புலவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஆடிப்பிறப்புக் கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் அவர் எழுதிய பாட்டை எங்கள் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் ஆறு வயதுப் பிள்ளைகள் பாடுகிறார்கள். கூழைக் கண்ணால் காணாத பிள்ளைகள். பிள்ளைகளுக்கு எழுதிய பாட்டு கடல் தாண்டும் என்று அந்த மனிதர் நினைத்திருக்க மாட்டார்.

கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராக இருந்த ஹன்டி பேரின்பநாயகத்தையும் சொல்ல வேண்டும். 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பிற்பாடு வாலிபர் காங்கிரஸ், அதன் நடுநாயகம் அவர். 1927இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்ததும் அந்த வாலிபரின் அழைப்பில்தான். பள்ளிக்கூடத்துக்குள் சாதி பார்க்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் வெளிப்படையாக நின்றவர்கள் அவர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். விழா மேடையில் பேசக் கூடாத விஷயம் என்று சிலர் நினைப்பீர்கள். நான் பேசத்தான் போகிறேன். ஏனென்றால் எல்லாப் பிள்ளையின் பெயரும் எங்கள் இடாப்பில் இருக்கவில்லை.

வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாங்கு என்று சமஆசனம் வந்தபோது, 1930ஐ ஒட்டிய அந்த நாட்களில், யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. 1981இல் எரிந்த நூலகத்தின் 97,000 புத்தகங்களுக்காக ஒவ்வொரு வருடமும் அழுகிறோம். அழ வேண்டும். அதற்கு ஐம்பது வருடம் முன்பு கொட்டில் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தது வெளியாள் இல்லை என்பதையும் அந்த அழுகையோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் வடமராட்சியில் சூரன் என்றொரு ஆசிரியர் இருந்தார். மற்றப் பள்ளிக்கூடங்களின் படலை எந்தப் பிள்ளைகளுக்குத் திறக்கவில்லையோ, அந்தப் பிள்ளைகளுக்காகத் தேவரையாளியில் ஒரு சைவ வித்தியாசாலையைத் தொடங்கினார். இன்று அது தேவரையாளி இந்துக் கல்லூரி. எழுத்தாளர் தெணியான் அங்கே படித்து, அங்கேயே படிப்பித்தவர். நாவலர் புத்தகமில்லாத பிள்ளைக்குப் புத்தகம் எழுதினார். சூரன் இடாப்பில் பெயரில்லாத பிள்ளைக்கு இடாப்பே எழுதினார்.

பிறகு போர் வந்தது.

1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறும் அளவு எண்ணெய், கம்பியில் ஒரு திரி. அந்த விளக்கில்தான் நாங்கள் படித்தோம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அதே விளக்கில் நாற்பது கொப்பி திருத்தியவரை மறந்துவிடுகிறோம். வெண்கட்டியை நான்காக முறித்து எழுதினார்கள். கேள்வித்தாள் அடிக்கக் கடதாசி இல்லாததால் முழுப் பரீட்சையையும் கரும்பலகையில் எழுதி, அழித்து, அடுத்த பகுதியை எழுதினார்கள். பள்ளி வளவில் பதுங்குகுழி வெட்டி, விமானச் சத்தம் கேட்டால் யார் எந்தக் குழிக்குள் என்று சொல்லித் தந்தார்கள்.

1995 செப்டெம்பர் 22ஆம் திகதி குடாநாட்டு நாகர்கோவில் மகா வித்தியாலயத்தில் குண்டு விழுந்து பிள்ளைகள் செத்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்குப் பிறகு முதல்முறை இடாப்பைத் திறந்த ஆசிரியர் அந்தப் பெயர்கள் வந்த இடத்தில் என்ன செய்திருப்பார்? நானும் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர்களும் தப்பவில்லை. பரியோவான் கல்லூரி அதிபர் சி. ஈ. ஆனந்தராஜன் 1985 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 ஒக்ரோபரில் கோப்பாய் கிறிஸ்தவக் கல்லூரி அதிபர் நடராஜா சிவகடாட்சமும், அடுத்த நாள் யாழ் மத்திய கல்லூரி அதிபர் கணபதி இராசதுரையும் கொல்லப்பட்டார்கள். யார் சுட்டது, ஏன் சுட்டது என்று இந்த மேடையில் வழக்குப் பேச நான் வரவில்லை. ஆனால் அந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லவே பயந்த காலம் ஒன்று இருந்தது. இன்று, இவ்வளவு தூரம் வந்த பிறகும், சொல்லாமல் விட்டால் அது எங்கள் குற்றம்.

1990இல் இடம்பெயர்ந்த காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 2016இல்தான் தன் சொந்த மண்ணுக்குத் திரும்பியது. இருபத்தாறு வருடம். ஒரு பள்ளிக்கூடம் கட்டடம் இல்லாமல், விளையாட்டு மைதானம் இல்லாமல், தன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு காலம் உயிரோடு இருந்திருக்கிறது. உயிர் கொடுத்தது யார்? இரவல் வகுப்பறையில் ஒவ்வொரு காலையும் இடாப்பைத் திறந்தவர்கள்தான்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்காதீர்கள். போன தடவை ஊருக்குப் போனபோது விடிய வெள்ளென பஸ் ஏறிப் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவான் துறைக்குப் போனேன். நெடுந்தீவுப் படகு நின்றது. சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலைந்து ரீச்சர்மார் ஏறினார்கள். ஒரு கையில் சோற்றுப் பார்சல், மறு கையில் கொப்பிக் கட்டு. படகு கடலுக்குள் இறங்கி ஆட்டம் தொடங்கியதும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் மடியில் கொப்பியை வைத்துக்கொண்டு அலைக்கும் அலைக்கும் இடையில் சரி போட்டுக்கொண்டு வந்தார். தண்ணீர் தெறித்தால் கொப்பியை மூடுவார், பிறகு திறப்பார்.

இவர்களுடைய சம்பளத்தில் 1997இல் இருந்து ஒரு முரண்பாடு. அதைத் தீர்க்கச் சொல்லி 2021இல் நாடு முழுவதும் ஆசிரியர்கள் மாதக்கணக்கில் வேலை நிறுத்தம் செய்தார்கள். அடுத்த வருடம் நாட்டில் பெற்றோல் இல்லாமல் போனது. மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, மறுபடி சைக்கிளை உழக்கிக்கொண்டு போனார்கள். அப்போது இங்கிருந்து தொலைபேசியில் பேசிய நாங்கள், "எங்கடை ரீச்சர்மாரின்ரை அர்ப்பணிப்பு!" என்று வியந்தோம். அவர்கள் கேட்டது வியப்பை இல்லை, சம்பளத்தை.

அதனால்தான் 'தியாகம்' என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் பயம். தியாகம் என்று சொல்லி மாலை போட்டுவிட்டால் எங்கள் பக்கத்துக் கணக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றுகிறது. என் ரீச்சர் காணி உறுதியை விட்டுவிட்டு இடாப்பைக் கொண்டுவந்தார். அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவன் நான். எனக்கு இங்கே வீடும் இருக்கிறது, வீட்டுக்கு உறுதியும் இருக்கிறது. இதற்குச் சரியான சொல் கடன்.

கடனை எப்படி அடைப்பது? பெரிய கல்லூரிகளுக்கு இந்த நகரத்தில் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. மண்டபம் கட்டுவார்கள், துடுப்பாட்ட மைதானத்துக்குப் புல் போடுவார்கள். நல்லது. தீவுப்பகுதிச் சின்னப் பள்ளிக்கூடத்துக்குச் சங்கம் இல்லை. கைச்செலவுக்குக்கூடக் காணாத தொகைக்கு அரிவரி சொல்லிக்கொடுக்கும் முன்பள்ளி ரீச்சர்மாருக்கும் சங்கம் இல்லை. அடுத்த வருடம் எங்கள் சங்கம் சேர்க்கும் காசில் ஒரு பங்கு சீமெந்துக்குப் போகாமல் இந்த மனிதர்களுக்குப் போகட்டும் என்று கேட்கிறேன். பெயர்ப்பலகையில் எங்கள் பெயர் வராது. பரவாயில்லை.

இங்கேயும் ரீச்சர்மார் இருக்கிறார்கள். கிழமை முழுவதும் வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை காலையில் பனிக்குள் கார் ஓட்டி வந்து, சம்பளமில்லாமல் எங்கள் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுப்பவர்கள். அவர்களும் இடாப்புக் கூப்பிடுகிறார்கள். நேற்று ஒரு ரீச்சர் என்னிடம் சொன்னார்: "பிள்ளையள் வராததுக்குத் தாய் தேப்பன்தான் காரணம், நித்திரையாலை எழும்பினமில்லை." இந்த முறைப்பாட்டை இந்தச் சபையில் சேர்த்துவிடுவதாக வாக்குக் கொடுத்தேன். சேர்த்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. வாசலில், சாப்பாட்டு வரிசை தொடங்குகிற இடத்தில், ஒரு மேசை போட்டு நீளக் கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன். உங்களுக்கு முதன்முதல் எழுதப் படிப்பித்தவருடைய பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் அதில் எழுதிவிட்டுத் தட்டை எடுங்கள். பெயர் மறந்துபோனால் பக்கத்தில் நிற்கும் ஊரவரைக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் ஊரில் இருக்கும் அக்காவுக்கு இன்று இரவே ஒரு போன் எடுங்கள். பெயர் தெரியும்வரை அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு வையுங்கள். சைபர் மட்டும் போட வேண்டாம்.

பேனையைத் தபாற்கந்தோரில் போல நூலில் கட்டித்தான் வைத்திருக்கிறேன். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.