தொட்டிக்கு முந்தும் மாடும் முன்னே நடக்கும் மாடும்
(நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வங்கிக் கவுண்டரில் முப்பத்தாறு வருடம் நோட்டு எண்ணியவனுக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். செயலாளர் கேட்டுக்கொண்டதால் நிற்கிறேன்.

காங்கயம் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் கொறங்காடு உண்டு. தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம். ஓய்வு பெற்ற பிறகு அங்கே ஆறு காங்கயம் மாடுகளைப் பார்த்துக்கொண்டேன்.

தண்ணீர்த் தொட்டிக்கு எப்போதும் செவலைதான் முதலில் வரும். அது தலையைத் தாழ்த்திக் கொம்பைச் சற்றுத் திருப்பினாலே மற்றவை விலகிவிடும். யார் பெரியவர் என்பது ஒருமுறை முட்டி முடிவாகிவிட்டால், தினமும் முட்டிக்கொள்ள வேண்டியதில்லை. சுமார் நூறு வருடத்துக்கு முன்பு நார்வே நாட்டுக்காரர் ஒருவர் கோழிகளிடம் இந்த வரிசையைக் கண்டு எழுதினார். தென் அமெரிக்க லாமாக்கள் காதைப் பின்னால் மடக்கும். அதற்கும் மசியாவிட்டால் எச்சில் துப்பும். நம் மாடுகள் அந்த மட்டில் கொஞ்சம் மரியாதையானவை!

செவலைதான் கூட்டத்துக்குத் தலைமை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மயிலைக்குப் பதினைந்து வயது, பால் வற்றிவிட்டது, தொட்டியில் நாலாவதாகத்தான் குடிக்கும். சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிப்போய்ப் பதினெட்டாயிரத்துக்கு விற்றுவிட்டேன். வரவு செலவு பார்த்தால் சரியான முடிவு.

அன்று சாயங்காலமே சிக்கல் ஆரம்பித்தது. படலைத் திறந்தும் மாடுகள் கட்டுத்தரைக்குத் திரும்பவில்லை. செவலை ஒரு பக்கம் நின்றது, கிடாரிகள் வேறு பக்கம். மேய்ச்சலில் யார் பின்னால் போவது என்று தெரியாமல் கத்திக்கொண்டே இருந்தன. பக்கத்துக் காட்டுப் பெரியவர் சொன்னார்: "முட்டுற மாடு வேற, முன்னால போற மாடு வேறங்க தம்பி." யோசித்தால் எங்கள் கிளையிலும் அப்படித்தான். நாற்காலி மேலாளருக்கு, சந்தேகம் வந்தால் எல்லோரும் போவது பழைய காசாளரிடம்.

பத்து நாள் ஆள் வைத்து ஓட்டிப் பார்த்தேன். பத்தாம் நாள் ஒரு கிடாரி மிரண்டு வேலியில் பாய்ந்து தொடையைக் கிழித்துக்கொண்டது. அதற்குமேல் பொறுக்கவில்லை. விசாரித்து, முத்தூர் பக்கம் ஒரு தோட்டத்தில் மயிலையைக் கண்டுபிடித்து, இருபத்து மூவாயிரம் கொடுத்து ஓட்டி வந்தேன். அந்த ஐயாயிரத்தை வீட்டுக்காரம்மா இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

கொறங்காட்டில் விட்டதும் எல்லாம் சூழ்ந்து மோந்து பார்த்தன. ஒரு கிடாரி முட்டக்கூடப் பார்த்தது. செவலைதான் கிட்டே போய், மயிலையின் கழுத்தை நெடுநேரம் நக்கிக்கொடுத்தது. தொட்டியில் மயிலைக்குக் கடைசி இடம்தான் கிடைத்தது. பொழுது சாய்ந்ததும் அது படலைப் பார்த்து நடந்தது. மற்ற ஐந்தும் பின்னாலேயே வந்தன.